ஐ.பி. முகவரி யாரைக் காட்டிக் கொடுக்கும்?

சினிமாவில் ஒரு காட்சி அடிக்கடி வரும். மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று வந்திருக்கும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் இளைஞர் கீபோர்டில் நாலு தட்டு தட்டுவார். திரையில் உலக வரைபடம் விரிந்து, நாடு, ஊர், தெரு என்று நெருங்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு வீட்டின் மேல் சிவப்புப் புள்ளி மின்னும். "சார், ஐ.பி. அட்ரஸ் கிடைச்சிருச்சு!" அடுத்த நொடி ஜீப் கிளம்பிவிடும்.

நிஜத்தில் ஐ.பி. முகவரிக்குள் வீடும் கிடையாது, தெருவும் கிடையாது, ஆளின் பெயரும் கிடையாது. இருப்பதெல்லாம் நான்கு எண்கள், நடுவில் மூன்று புள்ளிகள். ஆனாலும் இந்த எண்ணால் ஒரு பத்திரிகையாளர் எட்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்திருக்கிறார். செய்யாத குற்றத்துக்காக ஒரு கம்ப்யூட்டர் பொறியாளர் 50 நாட்கள் கம்பி எண்ணியிருக்கிறார். அமெரிக்காவில் ஒரு பண்ணை வீட்டுக்காரர்கள் பல வருடங்கள் நிம்மதியில்லாமல் தவித்திருக்கிறார்கள். வெறும் எண்ணுக்கு இவ்வளவு சக்தி எப்படி வந்தது? அதற்கு அந்த எண் பிறந்த கதைக்குப் போக வேண்டும்.

1969 அக்டோபர் 29 அன்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இருந்த ஒரு கணினி, ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிலையத்தில் இருந்த இன்னொரு கணினியோடு முதன்முதலாகப் பேசியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் உருவான ஆர்பாநெட் வலை அது. பிறகு வேறு வேறு வலைகளும் முளைத்தன. அவற்றையெல்லாம் ஒன்றோடு ஒன்று கோர்ப்பதற்கான பொது விதிமுறையை விண்ட் செர்ஃப், பாப் கான் என்ற இருவர் 1974-ல் வெளியிட்டார்கள். அந்த விதிமுறைக்குத் தேவைப்பட்டதுதான் முகவரி எண்.

எண் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று பெரிய விவாதம் நடந்தது. 1977-ல் செர்ஃப் 32 பிட் போதும் என்று முடிவு கட்டினார். "இது ஒரு சோதனைதானே" என்ற நினைப்பில் அப்படிச் செய்ததாக அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். 32 பிட் என்றால் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 எண்கள். அன்றைய உலக மக்கள் தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான்! கம்ப்யூட்டர் என்பது பெரிய பல்கலைக்கழகங்களிலும் ராணுவத்திலும் மட்டுமே இருந்த காலத்தில் ஆளுக்கு ஓர் எண் என்பது தாராளமாகவே தோன்றியிருக்கும். 1981 செப்டம்பரில் இந்த விதிமுறை ஆர்.எஃப்.சி. 791 என்ற ஆவணமாக வந்தது. 1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் முழுவதும் அதற்கு மாறியது. சோதனை என்று ஆரம்பித்தது அப்படியே நிலைத்துவிட்டது.

இணையத்தில் போகும் எந்தத் தகவலும் சிறு சிறு பாக்கெட்டுகளாகப் பிரிந்துதான் போகிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் பெறுநர் எண், அனுப்புநர் எண் இரண்டும் இருக்கும். தபாலில் அனுப்புநர் முகவரி எழுதாமல் விட்டாலும் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் இணையத்தில் ஒரு பக்கத்தைப் பார்ப்பது என்பதே கடிதம் போட்டுப் பதில் வாங்குவது போலத்தான். திரும்பி வர வேண்டிய முகவரி பொய்யாக இருந்தால் பதில் வராது, பக்கமும் திறக்காது. அதனால் எந்தத் தளத்துக்குப் போனாலும் அந்தத் தளத்துக்கு வந்தவரின் எண் தெரிந்தே தீரும். இதை உளவு பார்ப்பதற்காக யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. பதில் அனுப்ப வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

சரி, எந்த எண் யாருக்கு? அந்தப் பட்டியலை வெகு காலம் பார்த்துக்கொண்டவர் ஜான் போஸ்டல் என்ற தாடிக்காரர். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். ஆர்.எஃப்.சி. 791-ஐத் தொகுத்தவரும் அவரே. 1998 அக்டோபரில் அவர் காலமான சமயத்தில்தான் அந்தப் பொறுப்பை ஏற்க ஐகான் என்ற அமைப்பு உருவாகியிருந்தது. ஆரம்ப நாட்களில் எண்களை அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்துக்கு 18 என்று தொடங்கும் எண்கள் எல்லாமே! ஃபோர்டு கார் கம்பெனிக்கு 19, ஆப்பிளுக்கு 17. ஒவ்வொன்றிலும் 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் எண்கள். கவனிக்க வேண்டியது, இந்தப் பேரேட்டில் பதிவானவை எல்லாம் நிறுவனங்களின் பெயர்கள். தனி ஆளின் பெயருக்கு அதில் இடமே இல்லை. இந்தப் பேரேடு இன்றும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

தனி ஆள் உள்ளே வந்தது டயல்-அப் காலத்தில். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியது. மோடம் கீச் கீச்சென்று கத்தி முடித்ததும் நிறுவனம் தன் கையிருப்பில் உள்ள எண்களில் ஏதாவது ஒன்றைத் தூக்கிக் கொடுக்கும். இணைப்பைத் துண்டித்தால் அதே எண் வேறு யாருக்கோ போய்விடும். காலையில் ஆசிரியர் ஒருவரிடம் இருந்த எண் மாலையில் வியாபாரி ஒருவரிடம் இருக்கும். ஆகவே நிறுவனம் தனக்கென்று ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டது: எந்தக் கணக்கு, எந்த எண், எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு. பில் போட வேண்டுமே!

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தேதி இல்லாத குறிப்பேட்டுப் பதிவுக்கு மதிப்பில்லை. அது போல நேரம் இல்லாத ஐ.பி. எண்ணுக்கும் மதிப்பில்லை. எண்ணும் நேரமும் சேர்ந்தால்தான் ஒரு கணக்கு கிடைக்கும். அதிலும் கிடைப்பது இணைப்புக்குப் பணம் கட்டுகிறவரின் பெயர்தானே தவிர, அந்த நேரத்தில் கீபோர்டில் யாருடைய விரல் இருந்தது என்பது அல்ல.

1994-ல் நேட் என்றொரு உத்தி வந்தது. வெளியே ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு உள்ளே பல கணினிகள் இயங்கலாம். பிரவுசிங் சென்டர்களில் பத்துப் பன்னிரண்டு கணினிகள் ஒரே இணைப்பில் ஓடியது இப்படித்தான். வெளியில் இருந்து பார்க்கிறவனுக்கு எல்லோரும் ஒரே ஆள். அங்கே ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் இன்னொரு குறிப்பேடு வேண்டும். மேஜையில் கயிறு கட்டிய பேனாவோடு கிடக்கும் நோட்டு! இந்தியாவில் 2011-ல் வந்த சைபர் கஃபே விதிகள் அடையாள அட்டை பார்க்க வேண்டும், பதிவேட்டைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

இந்தக் குறிப்பேடுகள் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்குக் காட்டியது சீனாவில் நடந்த ஒரு வழக்கு. ஹூனான் மாகாணத்தின் சாங்ஷா நகரில் ஒரு வணிகச் செய்தித்தாளில் வேலை பார்த்தவர் ஷி தாவ். 2004 ஏப்ரல் 20 அன்று பத்திரிகை அலுவலகத்தில் ஒரு கூட்டம். தியானன்மென் சதுக்கச் சம்பவத்தின் 15-ஆம் ஆண்டு நினைவு நாள் நெருங்குகிறது, ஜாக்கிரதையாக இருங்கள் என்று மேலிடத்தில் இருந்து வந்த சுற்றறிக்கையை அங்கே வாய்மொழியாகச் சொன்னார்கள். ஷி தாவ் குறிப்பு எடுத்துக்கொண்டார். அன்று இரவே தன் யாஹூ மின்னஞ்சலில் இருந்து அமெரிக்காவில் இயங்கிய ஒரு சீன ஜனநாயகத் தளத்துக்கு அதை அனுப்பினார். புனைபெயரில் அது வெளியானது.

அதே வருடம் நவம்பரில் அவர் கைதானார். 2005 ஏப்ரலில் அரசு ரகசியத்தை வெளியிட்டதாகப் பத்து வருடச் சிறைத் தண்டனை. அந்தத் தீர்ப்பு பின்னர் வெளியுலகத்துக்குக் கிடைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சாட்சியங்களில் ஒன்று யாஹூவின் ஹாங்காங் நிறுவனம் கொடுத்த தகவல். இரவு 11 மணி 32 நிமிடம் 17 விநாடிக்கு அந்த மின்னஞ்சல் கணக்கைப் பயன்படுத்தியவரின் ஐ.பி. முகவரி, அந்த நேரத்தில் அந்தப் பத்திரிகை அலுவலகத்தின் தொலைபேசி இணைப்புக்குச் சொந்தமானது. விநாடி வரைக்கும் கணக்கு! யாஹூவின் குறிப்பேட்டில் எண்ணும் நேரமும். தொலைபேசி நிறுவனத்தின் குறிப்பேட்டில் எண்ணும் இணைப்பும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேலை முடிந்தது. தனியாக இருந்தபோது இரண்டில் எதுவும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

2007 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தியது. யாஹூவின் ஜெர்ரி யாங் அங்கே வந்து, பார்வையாளர் வரிசையில் இருந்த ஷி தாவின் தாயாரைப் பார்த்துத் தலை வணங்கி மன்னிப்புக் கேட்டார். மகன் வெளியே வந்தது 2013-ல். உள்ளூர்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டோம் என்பதுதான் கம்பெனி சொன்ன சமாதானம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இப்படி ஒரு நாள் கேட்பார்கள் என்று தெரிந்த இடத்தில் அந்தக் குறிப்பேட்டை வைத்திருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

ஷி தாவ் விஷயத்தில் எண் சொன்னது உண்மை. பொய் சொன்ன கதை நம் நாட்டிலேயே உண்டு. 2007-ல் ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவு செய்யும் படங்கள் வந்தன. புனே போலீசார் ஐ.பி. எண்ணைப் பெற்று, இணைப்பு கொடுத்த நிறுவனத்திடம் அது யாருடையது என்று கேட்டார்கள். நிறுவனம் ஒரு பெயரைக் கொடுத்தது. ஆகஸ்ட் 31 அன்று பெங்களூரில் வேலை பார்த்த ஓர் இளம் பொறியாளர் கைது செய்யப்பட்டுப் புனேக்குக் கொண்டு போகப்பட்டார். கொடுத்த விவரமே தவறு, எண் அவருடையது அல்ல என்று பிறகு தெரிய வந்தது. அவர் வெளியே வருவதற்குள் 50 நாட்கள் ஓடிவிட்டன. "நான் இல்லை" என்று அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார்! கம்ப்யூட்டர் சொல்கிறது என்றால் மனிதன் சொல்வது எடுபடுவதில்லை. பொதுவாகவே இந்தப் பதிவுகளில் தவறு நேர நிறைய வழி இருக்கிறது. பல சர்வர்கள் கிரீன்விச் நேரத்தில் பதிவு செய்யும். இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். மாற்றிக் கணக்கிட மறந்தால் அந்த ஐந்தரை மணி நேரத்தில் அதே எண் எத்தனை பேர் கைக்குப் போயிருக்கும்?

விசித்திரம், அதே 2007 ஆகஸ்டில்தான் அமெரிக்க மாணவர் விர்ஜில் கிரிஃபித் விக்கிஸ்கேனர் என்ற கருவியை வெளியிட்டார். கணக்குத் தொடங்காமல் விக்கிபீடியாவைத் திருத்துகிறவர்களின் ஐ.பி. எண் அன்று பகிரங்கமாகப் பதிவானது. அவர் அதை எடுத்து, நிறுவனங்களின் பேரேட்டோடு ஒப்பிட்டார். வாக்குப்பதிவு எந்திரம் தயாரித்த டீபோல்டு நிறுவனத்தின் வலையில் இருந்து, அந்த எந்திரத்தின் பாதுகாப்பைக் குறை சொன்ன பத்திகள் 2005-ல் அழிக்கப்பட்டது அம்பலமானது. அழித்தது முதலாளியா கடைநிலை ஊழியரா என்று எண் சொல்லாது. நிறுவனத்தின் வாசல் வரைதான் கொண்டு போய் விடும். போஸ்டல் காலத்துப் பேரேட்டின் எல்லை அதுதான்.

கான்சாஸ் பண்ணை வீட்டின் கதை இந்த எல்லையை மறந்ததால் வந்த வினை. எண்ணை வைத்து ஊரைச் சொல்லும் பட்டியல்களைச் சில கம்பெனிகள் விற்கின்றன. விளம்பரம் போடுகிறவர்களுக்கு அது வேண்டும். 2002-ல் தொடங்கிய மேக்ஸ்மைண்ட் அவற்றில் பெரியது. இந்தப் பட்டியல்கள் நாட்டைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். ஊர் விஷயத்தில் அவ்வளவு நம்ப முடியாது. சில எண்களுக்கு "அமெரிக்கா" என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஆனால் மென்பொருளுக்கு வரைபடத்தில் ஒரு புள்ளி வேண்டுமே? நாட்டின் நடுமையத்தைப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அது கான்சாஸின் வட எல்லைப் பக்கம் வருகிறது. அட்சரேகை, தீர்க்கரேகை நீளமான தசமத்தில் வந்ததால், வடக்கு 38, மேற்கு 97 என்று முழு எண்ணாக்கிவிட்டார்கள்.

கணக்கில் ரவுண்டு பண்ணுவது சாதாரண விஷயம். ஆனால் அந்த இடத்தில், பாட்வின் என்ற சிற்றூரின் அருகே, நிஜமாகவே ஒரு வீடு இருந்தது! காலப்போக்கில் 60 கோடிக்கும் மேற்பட்ட ஐ.பி. எண்கள் அந்த வீட்டைக் காட்டின. களவு போன பொருளைத் தேடி ஆட்கள் வந்தார்கள். வீட்டை விட்டு ஓடிய பிள்ளைகளைத் தேடி வந்தார்கள். மோசடிக்காரர்கள் என்று மிரட்டினார்கள். போலீஸ் வந்தது, வரி அதிகாரிகள் வந்தார்கள், தற்கொலைக்கு முயன்றவரைக் காப்பாற்ற ஆம்புலன்ஸ் வந்தது. அந்த வட்டார ஷெரீஃப், வீட்டாரைத் தொந்தரவு செய்யாதீர்கள், ஏதாவது கேட்க வேண்டுமானால் என்னைக் கேளுங்கள் என்று வழியிலேயே பலகை வைக்க வேண்டியதாயிற்று. இவையெல்லாம் ஏன் நடக்கின்றன என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. 2016 ஏப்ரலில் காஷ்மீர் ஹில் என்ற பெண் பத்திரிகையாளர் கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் காரணம் வெளிவந்தது.

எங்கள் பட்டியல் ஊர் அளவுக்குத்தான், வீட்டைக் கண்டுபிடிக்க அல்ல என்று கம்பெனி விளக்கம் சொன்னது. நியாயம்தான். ஆனால் "தெரியாது" என்று எழுத வேண்டிய இடத்தில் ஓர் எண்ணை எழுதியது அவர்கள்தான். பிறகு அந்தப் புள்ளியை விசிட்டா நகருக்கு மேற்கே ஒரு ஏரியின் நடுவில் கொண்டு போய் வைத்தார்கள். வீட்டில் குடியிருந்த தம்பதி அதே ஆண்டு வழக்குப் போட்டார்கள்.

இதற்கிடையில் செர்ஃப் தாராளம் என்று நினைத்த எண்கள் தீர்ந்தே போயின. 2011 பிப்ரவரி 3 அன்று உலகக் கையிருப்பின் கடைசி ஐந்து கட்டுகள் கண்டத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அடுத்த மாதமே திவாலான கனடா கம்பெனி நார்டெல், தன்னிடம் இருந்த 6,66,624 எண்களை 75 லட்சம் டாலருக்கு மைக்ரோசாஃப்டுக்கு விற்கப் போவது வெளியானது. ஒரு எண் 11 டாலர் 25 சென்ட்! திவால் கணக்கில் கண்ணுக்குப் புலப்படாத சொத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

தட்டுப்பாடு வந்ததும் செல்போன் நிறுவனங்கள் பிரவுசிங் சென்டர் உத்தியையே பெரிய அளவில் செய்தன. ஆயிரக்கணக்கானோர் ஒரே எண்ணின் பின்னால். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017 அக்டோபரில் இதை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தது. குற்றவாளியோடு ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்ளும் அப்பாவிகளும் விசாரணையில் சிக்குகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

128 பிட் நீளமுள்ள ஐ.பி.வி.6-ல் எண்ணுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அதில் வேறொரு சிக்கல் முளைத்தது. முகவரியின் பின்பாதியைக் கணினியின் நெட்வொர்க் கார்டு எண்ணில் இருந்து உருவாக்கும் வழக்கம் முதலில் இருந்தது. வீடு, கல்லூரி, ஓட்டல் என்று எங்கே போய் லேப்டாப்பைத் திறந்தாலும் முகவரியின் வால் மாறாது. உண்மையில் ஐ.பி. முகவரி ஆளைப் பின்தொடரும் கருவியாக மாறியிருக்கக்கூடிய இடம் இதுதான். பொறியாளர்களே விழித்துக்கொண்டு, வால் பகுதியை அவ்வப்போது தற்செயலாக மாற்றிக்கொள்ளும் முறையை 2001 ஜனவரியில் வெளியிட்டார்கள்.

குறிப்பேட்டை யார், எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்பதுதான் பிறகு சண்டையே. இந்தியாவில் 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் பெயர், கொடுத்த ஐ.பி. எண் முதலியவற்றை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. குறிப்பேடே வைப்பதில்லை என்பதைச் சொல்லித்தான் அந்த நிறுவனங்களில் பல வியாபாரம் செய்தன. எக்ஸ்பிரஸ் வி.பி.என். உள்ளிட்ட சில நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன.

ஐரோப்பிய நீதிமன்றம் 2016 அக்டோபரிலேயே, அடிக்கடி மாறும் ஐ.பி. எண்ணும் தனிநபர் தகவலாகக் கருதப்படலாம் என்று சொல்லியிருந்தது. கனடாவில் அந்தக் கேள்வி ஒரு மதுக்கடை மோசடியில் இருந்து கிளம்பியது. கல்கரி நகர போலீசார் 2017-ல் பணப் பரிமாற்ற நிறுவனம் ஒன்றிடம் நீதிமன்ற அனுமதி இல்லாமலே இரண்டு ஐ.பி. எண்களைக் கேட்டு வாங்கினார்கள். பெயரைக் கேட்க மட்டும் பிறகு அனுமதி பெற்றார்கள். வெறும் எண்தானே, அதில் என்ன அந்தரங்கம் என்பது அவர்கள் வாதம். கீழ் நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டன. 2024 மார்ச் 1 அன்று கனடா உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. எண்ணைக் கேட்கவும் அனுமதி வேண்டும் என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள், வேண்டாம் என்று நான்கு பேர்.